மளிகைச் சீட்டும் மருந்துச் சீட்டும்

என் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு சீட்டு இருக்கும். ஒன்று, மனைவி எழுதிக் கொடுத்த மளிகைச் சீட்டு. இன்னொன்று, டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு. அதன் பின்பக்கத்தில் எதையெல்லாம் வாங்கக் கூடாது என்று ஒரு பட்டியல். வேலைக்காலம் முழுக்கத் தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவன் நான். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது ஒரு ரூபாய் கூடினாலும் குறைந்தாலும், எங்கே என்று கண்டுபிடிக்காமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டேன். அப்படிப்பட்டவன், ரிட்டயர் ஆனபிறகு இந்த இரண்டு சீட்டையும் ஒரு மாதம்கூட டாலி பண்ணியதில்லை. கடையிலிருந்து வீடு வந்து சேர்வது இரண்டிலும் இல்லாத மூன்றாவது பட்டியல்.

உடம்புக்கு என்ன என்று கேட்பீர்கள். சுகர், பிரஷர், இரண்டு முழங்காலிலும் தேய்மானம், ராத்திரியில் தூங்கவிடாத புராஸ்டேட். எங்கள் வயதுக்காரர்களுக்கு இதை ஒப்பிப்பது வீட்டு விலாசம் சொல்வது மாதிரி. துணைக்கு ஆள் இல்லை என்ற குறையும் கிடையாது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வில், நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னார்கள். தமிழ்நாட்டில் 20 வயது தாண்டியவர்களில் 14.4 சதவீதம். மளிகைக் கடையில் பத்துப் பேர் நின்றால் என்னோடு இன்னொருத்தராவது இருப்பார். நான் மிக்சர் வாங்கும்போது அவர் என்னைப் பார்க்க மாட்டார். அவர் லட்டு வாங்கும்போது நானும் பார்க்க மாட்டேன்.

பெரிய தோல்வியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் ரேஷன் கார்டு சர்க்கரை அட்டை. எங்கள் மதுரைப் பேச்சில் சீனி கார்டு. ரேஷன் அரிசி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு, தலைக்கு உள்ள சீனியோடு அரிசிக்குப் பதிலாக மாதம் 3 கிலோ கூடுதலாகப் போடும் கார்டு அது. ‘நாம என்ன ரேஷன் அரிசியா திங்கப் போறோம்’ என்ற சென்ட்ரல் கவர்மென்ட் மிதப்பில் அந்தக் காலத்தில் நானே கேட்டு வாங்கியது. அன்றைக்கு எனக்குச் சுகர் கிடையாது. இன்றைக்கு உடம்பிலும் அதுதான், பீரோவிலும் அதுதான். 2019 நவம்பரில் அரசாங்கமே, விருப்பப்பட்டவர்கள் அரிசி கார்டாக மாற்றிக்கொள்ளலாம் என்று வாய்ப்புக் கொடுத்தது. “ஏங்க, ஒரு எட்டு போய் எழுதிக் குடுத்துட்டு வாங்களேன்” என்று மனைவி தினமும் சொன்னாள். நாளைக்கு ஆகட்டும் என்று சொல்லியே கடைசித் தேதியைத் தாண்டிவிட்டேன். கவுன்ட்டருக்கு உள்ளே இருந்த காலத்தில், கடைசித் தேதியன்று மூச்சிரைக்க ஓடி வருகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. “இத்தனை நாள் என்ன சார் பண்ணீங்க?” என்று கண்ணாடிக்கு மேலே பார்த்துக் கேட்டிருக்கிறேன். அவர்களில் யாராவது இதைப் படித்தால் ஆறுதல் அடையட்டும்.

அரிசி கார்டாக மாற்றியிருந்தால் மட்டும் என்ன, டாக்டர் அரிசியையும்தானே குறைக்கச் சொல்லியிருக்கிறார் என்று இப்போது வாதம் பண்ணிக்கொண்டிருக்கிறேன். தோற்றவன் வாதம்.

மாதா மாதம் அந்தச் சீனியை வாங்குவது இருக்கிறதே, அது தனிக் கூத்து. ரேஷன் கடைகளில் கைரேகை வைக்கும் மிஷின் வந்து சில வருடமாகிறது. நோட்டு எண்ணி எண்ணித் தேய்ந்த கட்டைவிரல் என்னுடையது. மிஷின் சீக்கிரத்தில் ஒப்புக்கொள்ளாது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி கட்டைவிரல். பின்னால் வரிசை முணுமுணுக்கும். ஒரு வழியாக மிஷின் ‘இவன்தான்’ என்று சம்மதித்த கணத்தில், கடைத் தம்பி தெருவுக்கே கேட்கிற குரலில், “சார், சீனி ஃபுல்லாவே போட்டுறவா?” என்பான். பக்கத்து வீட்டம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்புவார். வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கிலோ 25 ரூபாய்க்குக் கிடைப்பதை விட்டுவிட்டு வர மனசு கேட்பதில்லை. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குப் பாதி போகும். கொஞ்சம் கோவிலுக்குப் பானகத்துக்கு. மிச்சம் எவர்சில்வர் டின்னில் இருக்கும். டின் இருக்கும் இடம் எனக்குத் தெரியும் என்பதுதான் சிக்கல்.

இனி சிறுதானியம். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் எங்கள் தெருவில் அதற்கென்றே ஒரு கடை முளைத்தது. குதிரைவாலி, சாமை, வரகு, தினை என்று வரிசையாகப் பாக்கெட். “சுகருக்கு ரொம்ப நல்லது சார்” என்றார் கடைக்காரர். நல்லது என்று சொன்னபின் கஞ்சத்தனம் எதற்கு? எல்லாவற்றிலும் ஒரு கிலோ வாங்கினேன். சோறு இல்லையே என்ற தைரியத்தில் குதிரைவாலிப் பொங்கலை இரண்டு முறை போடச் சொல்லிச் சாப்பிட்டேன். நெய்யும் முந்திரியும் வழக்கத்தைவிட ஒரு கை கூடுதல், ஏனென்றால் இது மருந்தல்லவா. இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால், சோறு சாப்பிட்ட நாள்களில்கூட நான் பார்க்காத எண். டயட்டீஷியன் பெண் பொறுமையாகச் சொன்னார்: “சிறுதானியத்துலயும் நூறு கிராமுக்கு 60 கிராமுக்கு மேல மாவுச்சத்துதான் ஐயா. நார்ச்சத்து கூட இருக்கு, உண்மைதான். ஆனா அளவு குறைச்சுச் சாப்பிட்டாத்தான் பலன். உமியோட சேர்த்துத் தவிட்டையும் எடுத்துட்டா அந்த நார்ச்சத்தும் போயிரும்.” மீதிப் பாக்கெட்டுகளில் வண்டு வைத்தது. மொட்டை மாடியில் புறாக்களுக்குப் போட்டோம். எங்கள் வீட்டில் சிறுதானியத்தால் உருப்படியான பலன் கண்டவை அந்தப் புறாக்கள்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன், பனங்கற்கண்டு ஆகிய நான்கு பெயர்களில் நான் என்னையே ஏமாற்றிக்கொண்ட கதையும் உண்டு. ஒரு வரியில் முடித்துவிடலாம்: ரத்தத்துக்கு நாட்டுச் சர்க்கரை, சீமைச் சர்க்கரை என்ற பேதமெல்லாம் தெரியாது.

பால் விஷயத்தில் இன்னும் தந்திரம் பண்ணியிருக்கிறேன். ஆவினில் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. நீலம் வாங்குங்கள் என்பது உத்தரவு. நீலத்தில் போட்ட காபியைக் குடித்தால் காபி குடித்த நினைவே வருவதில்லை. அதனால் பச்சையை வாங்கி, வீட்டுக்கு வந்தவுடன் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, கவரைச் சுருட்டி வெளியே போட்டு வந்தேன். பாலில் பச்சை, நீலம் தெரியாதே. ஆனால் படிந்த ஆடை காட்டிக்கொடுத்துவிட்டது. “நீலப் பாக்கெட்டுல இம்புட்டு ஆடையா?” என்று கரண்டியால் தூக்கிக் காட்டினாள். ஆவின்காரர்கள் தரத்தை உயர்த்திவிட்டார்கள் போல என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

உப்பில் விழுந்த அடிதான் கொஞ்சம் பலமானது. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு டீஸ்பூன்கூட முழுசாக வராது. எங்கள் வீட்டில் அப்பளம், நார்த்தங்காய், மோர்மிளகாய் மூன்றும் ஒரே தட்டில் சந்திக்கும் நாள்கள் உண்டு. அதை விட மனமில்லாமல் குறுக்கு வழி தேடியபோது, சோடியம் குறைந்த உப்பு என்று ஒரு பாக்கெட் கண்ணில் பட்டது. சாதாரண உப்பைவிட விலை பல மடங்கு. பிள்ளையார் சுழி போட்டுப் புதுக் கணக்குத் தொடங்குகிறவன்போல வாங்கி வந்து, அப்பளத்தை இரட்டிப்பாக்கினேன். அடுத்த முறை டாக்டரிடம் பெருமையாகச் சொன்னதும் அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். “யாரைக் கேட்டு வாங்குனீங்க?”

அந்த உப்பில் சோடியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அதன் இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கு அது நல்லதே; 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமே பொதுவாகப் பெரியவர்களுக்கு அதைப் பரிந்துரைத்திருக்கிறது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை விலக்கி வைத்துத்தான் சொன்னது. எனக்குக் கிரியாட்டினின் ஓரமாக ஏறி நிற்கிறது. நான் போடும் டெல்மிசார்ட்டன் மாத்திரையோ உடம்பில் பொட்டாசியத்தைத் தங்கவைக்கும் வகை. மாத்திரை ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம் என்று ஏற்றிக்கொண்டே போனால் இதயத் துடிப்பு தாளம் தப்பும் என்றார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். நல்லவேளை, பொட்டாசியம் எல்லைக்குள்தான் இருந்தது. பாக்கெட்டின் பின்பக்கத்தில் இந்த எச்சரிக்கை அச்சிட்டிருந்ததா என்று கேட்டார். இருந்தது. எறும்புகூடக் கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில்.

அதற்குப் பிறகு பின்பக்கம் படிக்காமல் எதையும் வாங்குவதில்லை என்று சபதம் செய்தேன். கண்புரை எடுத்த கண், அந்த எழுத்துக்குக் காணாது. போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் படிக்க ஆரம்பித்தேன். கடைப் பையன் ஓடி வந்து, “சார், இங்க போட்டோ எடுக்கக் கூடாது” என்றான். போட்டிக் கடைக்காரர் அனுப்பிய உளவாளி என்று என்னை நினைத்துவிட்டான் பாவம். படிக்கப் பழகியதில் ஒரு விஷயம் பிடிபட்டது. எது எடையில் அதிகமோ அதைத்தான் சேர்மானப் பட்டியலில் முதலில் போட வேண்டும் என்பது சட்டம். ‘சர்க்கரை சேர்க்கப்படாதது’ என்று முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்ட பிஸ்கட்டின் பின்பக்கத்தில் முதல் பெயர் மைதா. இதைக் கண்டுபிடித்த கர்வத்தோடு வீட்டுக்கு வந்து, எல்லாரிடமும் விளக்கிச் சொல்லிக்கொண்டே அந்தப் பாக்கெட்டைக் காலி பண்ணினேன். வாங்கியாயிற்றே, வீணாக்க முடியுமா?

காய்கறிக்கு அண்ணா நகர் உழவர் சந்தை. தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தை அது. 1999 நவம்பர் 14-ஆம் தேதி திறந்தார்கள். அங்கே போய் வருவது எனக்கு ஒரு கௌரவப் பிரச்சினை. அன்றன்றைக்கு விலைப்பலகையில் எழுதிப்போட்ட விலை, பேரம் கிடையாது. பேரம் பேசாவிட்டால் கைகால் ஓடாத என்னைப் போன்றவர்கள் எடைக்கு மேலே ஒரு கத்தரிக்காய், ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொசுறு என்று ஆசையைத் தீர்த்துக்கொள்வோம். கனமான பை தூக்கக் கூடாது என்று எலும்பு டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் விடியற்காலைப் பனி காயாத பரங்கிக்காயைப் பார்த்தால் எலும்பு டாக்டர் நினைவுக்கு வருவதில்லை.

அங்கேதான் ஒருநாள் மானம் போனது. எனக்குக் கொடுத்திருக்கும் மாத்திரைகளில் கிளிமிபிரைடு என்று ஒன்று உண்டு. காலை முதல் கவளத்தோடு போட வேண்டும். போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சுகரைக் கண்ட கணக்கில் இறக்கிவிடும். அன்றைக்கு முகூர்த்த நாள். நேரமானால் நல்ல காய் கிடைக்காது என்று மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கிவிட்டு, ‘வந்து சாப்பிட்டுக்கிறேன்’ என்று கிளம்பிவிட்டேன். “ரெண்டு இட்லி வாயில போட்டுட்டுப் போங்க” என்று மனைவி சொன்னது படியிறங்கும்போது காதில் விழுந்தது. விழாதது போல இறங்கினேன்.

சந்தையில் கீரைக்கார அம்மாவிடம் நிற்கிறேன். அரைக்கீரை மூன்று கட்டு, கட்டு பதினைந்து ரூபாய். எவ்வளவு என்று கேட்கிறார். எனக்குக் கணக்கு வரவில்லை. லட்ச லட்சமாக எண்ணிக் கட்டிய கை, மூன்று பதினைந்து எவ்வளவு என்று தெரியாமல் ஐம்பது ரூபாய் நோட்டைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறது. அந்த அம்மா ஐந்து ரூபாய் மிச்சம் கொடுத்ததும், குறைத்துக் கொடுத்துவிட்டார் என்று சண்டை பிடித்தேன். ஆமாம், சண்டை. சத்தம் போட்டுத்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, உதடு மரத்தது. வேறொருவராக இருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பார். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

“ஐயா, சுகரா உங்களுக்கு?”

தலையாட்டினேன்.

“மாத்திரையைப் போட்டுட்டுச் சாப்பிடாம வந்தீகளாக்கும்?”

பதில் சொல்லும் முன்னே கையைப் பிடித்துச் சாக்கின் மேல் உட்காரவைத்துவிட்டார். “ஏ தம்பி, இங்கிட்டு ஒரு டீ, சீனி தூக்கலா!” என்று சந்தையே திரும்பிப் பார்க்க ஒரு குரல். டீக்காரப் பையன் நாலு கரண்டி போட்டுக் கொண்டுவந்தான். ரிட்டயர் ஆனபிறகு பகிரங்கமாக, யாருக்கும் பயப்படாமல் நான் குடித்த ஒரே சீனி டீ அது. கால் மணி நேரத்தில் உலகம் தெளிந்தது. மூன்று பதினைந்து நாற்பத்தைந்து என்பதும் தெளிந்தது. மன்னிப்புக் கேட்டேன். “எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஐயா, இறங்குச்சுன்னா வள்ளுன்னு விழுவாரு” என்று சொல்லிவிட்டுக் கீரைக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டார்.

அவர் செய்தது முழுக்கச் சரி. சுகர் 70-க்குக் கீழே போய்விட்டால் 15 கிராம் அளவுக்குச் சீனியோ குளுக்கோஸோ உடனே உள்ளே போக வேண்டும், மூன்று டீஸ்பூன். கால் மணி நேரம் பொறுத்து மறுபடி பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை. வியர்வை, நடுக்கம், காரணமில்லாத கோபம், கணக்கு மறந்துபோவது எல்லாம் அதன் அடையாளங்கள். காரணமில்லாத கோபம் எனக்கு எப்போதும் உண்டென்பதால் வீட்டில் இந்த அடையாளத்தை யாரும் நம்புவதில்லை.

மனைவியிடம் மூச்சு விடவில்லை. அடுத்து அவளோடு சந்தைக்குப் போனபோது கீரைக்கார அம்மா தூரத்திலிருந்தே, “அம்மா, ஐயாவைச் சாப்பிடாம அனுப்பாதீக!” என்று குரல் கொடுத்தார். பிறகு நடந்தது குடும்ப விஷயம். அதன் விளைவாக எந்நேரமும் சட்டைப் பையில் நாலு மிட்டாய் வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவானது, அவசரத்துக்கு. அவசரம் என்பதற்கு நான் வைத்திருக்கும் இலக்கணம் தாராளமானது. பஸ் வர நேரமானால் அவசரம். கரண்ட் போனால் அவசரம். மிட்டாய் தீர்ந்துபோய் உண்மையிலேயே தேவைப்பட்டால் என்ன செய்வேன் என்று நினைத்தால் எனக்கே பயமாகத்தான் இருக்கிறது.

வெளியே போவதென்றால் இன்னொரு கவலையும் உண்டு. ஆண்கள் இதை எழுத மாட்டார்கள், நான் எழுதிவிடுகிறேன். பிரஷர் மாத்திரையோடு நீர் பிரியும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. புராஸ்டேட் வேறு. கழிப்பறை எங்கெங்கே இருக்கிறது என்ற கணக்கில்தான் என் மதுரை வரைபடமே இப்போது இருக்கிறது. ஒருமுறை பெரிய கடை ஒன்றில் முக்கால் வண்டி சாமான் சேர்த்தபின் நிலைமை முற்றிவிட்டது. ‘கஸ்டமருக்கு இல்லை சார்’ என்றார்கள். வண்டியைப் பருப்பு வரிசையில் அப்படியே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். வாசலில் நின்ற மனைவி, “சாமான் எங்கே?” என்று கேட்டாள். அதற்கு நின்று பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை.

அந்தத் தள்ளுவண்டி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கைத்தடி எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறார்கள். தடியோடு தெருவில் நடந்தால் கிழவன் என்று தெரிந்துவிடும். சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டி கொடுக்கிறார்கள். பிடித்துக்கொண்டு நடந்தால் முழங்காலுக்குப் பாரம் இல்லை, பார்க்கிறவர்களுக்குச் சாமான் வாங்குகிறவனாகத் தெரியும். ஆனால் காலி வண்டி மேலே சாய்ந்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆகவே நுழைந்தவுடன் 5 கிலோ ஆட்டா மாவு ஒன்றை அடிப்பாரமாக வைத்துக்கொள்வேன். வண்டி நிதானப்படும். குளிர்ச்சியான இடம், வழுக்காத தரை, நாலு சுற்று நடைப்பயிற்சி. கடைசியில் மாவைத் திரும்ப வைத்துவிட்டு மனைவி சொன்ன கடுகையும் பெருங்காயத்தையும் மட்டும் வாங்கி வர வேண்டும் என்பதுதான் திட்டம். நாலாவது சுற்றில் வண்டிக்குள் ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ மூன்று வகை ஏறியிருக்கும். மாவு இருக்கும் வரிசைக்குத் திரும்பிப் போகக் காலும் ஒத்துழைக்காது. இரண்டு பேர் இருக்கும் எங்கள் வீட்டில் இப்போது ஒரு வட்டாரத்துக்குச் சப்பாத்தி போடும் அளவு ஆட்டா இருக்கிறது. கடுகை மறந்துவிடுவேன்.

திருட்டை மறைக்கவும் தெரியவில்லை. காராச்சேவு, மிக்சர் வகையறாவைப் பழைய பென்ஷன் ஃபைல்களுக்குப் பின்னால் வைத்துவிட்டு, கடை பில்லைக் கிழித்துப் போட்டுவிடுவேன். சுத்தமான வேலை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் பில் போடும் பெண் ஒவ்வொரு முறையும் போன் நம்பர் கேட்பார். பாயின்ட் சேருமாம். பாயின்ட் சேர்கிறதே என்று, மனப்பாடமாக இருக்கும் ஒரே நம்பரைச் சொல்லி வந்தேன். மனைவியின் நம்பர். நான் வீடு போய்ச் சேருவதற்குள் கிராம் கணக்கோடு பில் அவள் போனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பல மாதம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தபால் இலாகாவில் வந்த எந்த இன்ஸ்பெக்‌ஷனிலும் நான் இப்படி மாட்டியதில்லை.

கோவையில் இருக்கும் மகள், “அப்பா, நீங்க அலையவே வேணாம், ஆப்ல போட்டா பத்து நிமிஷத்துல வந்துரும்” என்று போனில் ஏற்றிக் கொடுத்தாள். நான் போட்டது பீர்க்கங்காய் அரைக்கிலோ. வந்தது பீர்க்கங்காய் அரைக்கிலோதான், குறை சொல்ல முடியாது. ஆனால் குறைந்தபட்சத் தொகைக்கு எட்டவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்த்தால் டெலிவரி இலவசம் என்று திரையில் வந்ததால் கூடவே ஐஸ்கிரீமும் வந்தது. உருகிவிடுமே என்று உடனே சாப்பிட வேண்டியதாயிற்று.

இவ்வளவுக்கும் தீர்ப்பு சொல்வது மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை. எச்பிஏ1சி என்பார்கள். ரத்தச் சிவப்பணு உடம்பில் சுமார் 120 நாள் வாழ்கிறது. அந்தக் காலம் முழுக்க அதில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியது என்று இந்தப் பரிசோதனை காட்டிவிடும். இது தெரியாமல் வருடக்கணக்கில், டெஸ்டுக்கு முந்தைய ஒரு வாரம் மட்டும் பாகற்காயும் நடைப்பயிற்சியுமாக யோக்கியனாக இருந்து பார்த்திருக்கிறேன். காலை வெறும் வயிற்றுச் சுகர் அதில் ஏமாந்தது. சராசரி ஏமாறவில்லை. “உங்க வயசுக்கு 7.5 இருந்தாலே சந்தோஷம்” என்று டாக்டர் இலக்கைத் தளர்த்திக் கொடுத்திருக்கிறார். போன முறை 8.1.

குற்றம் முழுக்க என்னுடையதுதான். ஆனால் கடை வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கலாம் என்று தோன்றுகிறது. முன்பெல்லாம் அண்ணாச்சி கடை வாசலில் ஒரு ஸ்டூல் கிடக்கும். “உக்காருங்க சார், கட்டித் தர்றேன்” என்பார். உட்கார்ந்தபடியே சீட்டை நீட்டினால், சீட்டில் இருப்பது மட்டும் பொட்டலமாக வரும். பிறகு அவரும் கடையைக் கண்ணாடி போட்டு, வண்டி உருட்டும்படி மாற்றினார், ஸ்டூல் போய்விட்டது. எங்களைப் போன்றவர்கள் நிற்க முடியாமல் நடக்கிறோம், நடப்பதால் கண்டதையும் எடுக்கிறோம். வியாபாரத்துக்கு அது லாபம்தான், தெரிகிறது. இருந்தாலும் ஒரு ஸ்டூல் போடுங்கள். இரண்டு பேர் குடும்பத்துக்கு நூறு கிராம், இருநூறு கிராம் பாக்கெட்டும் வையுங்கள். கழிப்பறைச் சாவியைப் பெரியவர்கள் கேட்டால் கொடுங்கள். ஸ்டூலை மட்டும், தயவுசெய்து, மிக்சர் ஜாடிக்குப் பக்கத்தில் போட்டுவிடாதீர்கள்.